தவிட்டுக்கு வாங்கியவள்

முகத்துவாரத்தில் மூன்று முழுக்குப் போட்ட பிறகுதான் ஊருக்குள் கால் வைக்க வேண்டும் என்று கோட்டைக்குப்பத்துப் பெரியதனக்காரர்கள் சொல்லியனுப்பியிருந்தார்கள். கடல் தாண்டிப் போய்விட்டு வருகிறவள் அல்லவா. இருசம்மாள் மூன்று முறை முழுகி எழுந்து, கரையில் நின்றவர்களைப் பார்த்து, மறுபடியும் ஒரு தடவை முழுகினாள். நாலாவதை யாரும் கேட்கவில்லை. அவளுக்குத்தான் மூன்று போதவில்லை.

ஈரப் புடவையோடு குடிசைக்கு வந்தபோது கோதண்டம் இல்லை. ஏரியில் வலை போட அன்றைக்கு அவன் முறை. யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை விரிப்பது என்று ஊரில் சீட்டெடுத்து வைத்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பேர். மூன்றரை வருஷம் கழித்து வரும் பெண்சாதிக்காகக்கூட ஒருவன் பாட்டை விட்டுவிட்டுக் கரையில் நிற்க முடியாது. வெயில் உச்சிக்கு வருவதற்குள் வந்துவிடுவான் என்றார்கள். அதுவரைக்கும் நேரம் கிடைத்ததே என்று அவளுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது.

மூட்டையைப் பிரித்தாள். பழைய பாவாடைத் துணியில் சுற்றிய ஓர் ஓட்டை எடுத்தாள். கூரை ஓடு அல்ல. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய சதுரம், வெள்ளைப் பூச்சு, நடுவில் நீலத்தில் ஒரு படம், குறுக்கே ஒரு விரிசல். சுவரோரம் கவிழ்த்துக் கிடந்த முறத்தின் அடியில் அதைத் தள்ளி வைத்தாள்.

அவன் கேட்கப்போவது ஒன்றே ஒன்று. பொண்ணைப் பாத்தியா. அதற்கு அவளிடம் இரண்டு பதில்கள் இருந்தன. கப்பலில் எத்தனையோ மாதம் இரண்டையும் மாற்றி மாற்றி வாய்க்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். ஒன்று சின்னது, சொல்ல எளிது, பொய். மற்றது எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை.

முதலில் வந்தவள் எல்லம்மா. பின்னாலேயே தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர்.

"இன்னாடி இருசி, வெள்ளக்காரியா ஆயி வருவேன்னு பாத்தா இன்னும் கருத்துப் பூட்டியே!"

"ஆமா, எண்ண இல்லாம வெந்து வந்திருக்கேன்" என்றாள் இருசம்மாள். சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், சிரிக்கத் தெரிகிறதே என்று அவளுக்குள்ளே யாரோ ஆச்சரியப்பட்டார்கள்.

"அந்த ஊரு எப்டிக் கீது, சொல்லு."

டெல்ஃப்ட் என்ற அந்த ஒல்லாந்து ஊரின் பேர் அவள் நாக்குக்கு இன்னும் படியவில்லை. "தெல்ப்புன்னு பேரு. தெருவுக்கு நடுவால தண்ணி. நம்ம ஊர்ல வண்டி போற எடத்துல அங்க ஓடம் போவுது. வாசப்படில நின்னா படகுக்காரன் காய் விக்கறான், வெண்ண விக்கறான், வெளக்குமாறு விக்கறான். வீடுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு, கூட்டத்துல நெருக்கியடிச்சி நிக்கற ஆளுங்க மாதிரி. ஒரு கோயில் கோபுரம் சாஞ்சே கீது, வுழ மாட்டேங்குது."

"மீனு?"

"கீது. உப்புல போட்டத பச்சையாவே வாலப் புடிச்சித் தூக்கி வாய்ல வுட்டுக்குவாங்க."

"த்தூ! நாரை மாதிரியா?"

"பனி காலத்துல அந்தத் தண்ணி கல்லாப் பூடும். அது மேல நான் நடந்தேன்."

எல்லம்மா, "இத மட்டும் கோதண்டத்தாண்ட சொல்லாதடி, மந்திரிக்கறவன இட்டாந்துருவான்" என்றதும் குடிசையே குலுங்கியது.

சிரிப்பு அடங்கினபோது எல்லம்மாவின் முகம் மாறியிருந்தது. "பொண்ணு?" என்றாள்.

"அவரு வரட்டும்."

"நான் தவுட்டுக்கு வித்த பொண்ணுடி அவ. எனக்கு மொதல்ல சொல்லணும்."

"அவரு வரட்டுங்க்கா."

எல்லம்மா மற்றவர்களை ஆடு ஓட்டுவதுபோல் ஓட்டிக்கொண்டு வெளியே போனாள்.

தவிட்டுக்கு விற்றது உண்மைதான். இருசம்மாளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் ஒரு மாதம் தாண்டவில்லை. மூன்றாவது பிறந்ததும், ஊர் வழக்கப்படி அதைக் குப்பைமேட்டில் கிடத்தினார்கள். எமன் பார்த்தால் யாரோ வேண்டாமென்று எறிந்த குப்பை என்று போய்விடுவான். எல்லம்மா அந்தப் பக்கம் தற்செயலாகப் போகிறவள்போலப் போய், பிள்ளையைக் கண்டெடுத்து, "இது யாருக்காச்சும் வேணுமா?" என்று தெருவில் கூவினாள். இருசம்மாள் ஒரு முறம் தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அது பெற்ற பிள்ளை இல்லை, விலைக்கு வாங்கிய பிள்ளை. பெற்றவளைத் தண்டிக்க அதை எடுத்துப் போக முடியாது. குப்பம்மா என்று பேர் வைத்தார்கள். குப்பம்மா பிழைத்தாள்.

அந்தக் கதை குப்பம்மாவுக்கு அத்தனை பிடிக்கும். சாப்பிடும்போதும் பேன் பார்க்கும்போதும் அதுதான் வேண்டும். "அப்பால எல்லம்மா இன்னான்னு கூவினா? நீ எத்தினி மொறம் குடுத்தே? ஒண்ணேதானா?" ஒன்றே ஒன்று என்பதில் அவளுக்குக் குறை.

குப்பம்மாவுக்கு எட்டு வயதானபோது பெரிய பஞ்சம் வந்தது. இரண்டு வருஷம் மழை இல்லை. முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டது. ஏரி சுருங்கிச் சுருங்கி, கரையெல்லாம் உப்புப் பூத்து, செத்த மடவை மீன்கள் வெள்ளையாக ஒதுங்கின. கோதண்டம் படகை எடுத்துக்கொண்டு வடக்கே ஆரம்பாக்கம் தாண்டிப் போனான், எங்காவது தண்ணீர் ஆழமாக இருக்குமா என்று பார்க்க. மூன்று மாதம் சேதி இல்லை. வீட்டில் குப்பம்மாவும் அவள் தம்பி, இரண்டு வயது சடையனும். சடையனுக்கு அழவும் சத்தில்லை.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களான ஒல்லாந்தரின் கோட்டை வாசலில் உள்நாட்டு ஜனங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளைக் கொடுத்தவர்களுக்கு அரிசி கிடைத்தது. அந்த வரிசையில் இருசம்மாளும் ஒரு நாள் போய் உட்கார்ந்தாள்.

ஒரு தரம் விற்றோம், பிழைத்தாள். விற்றால்தான் பிழைக்கிற பிள்ளை இது. இப்படி ஒரு நினைப்பு அன்றைக்கு அவளுக்கு வந்தது. மழை பெய்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றும் வந்தது. உண்மையாகவே அப்படி நம்பினாளா, அல்லது கால் நடக்க வேண்டும் என்பதற்காக அந்த நினைப்பை அவளே செய்து கொண்டாளா என்பது எட்டு வருஷமாக அவளுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் இப்படித் தோன்றும், ஒரு நாள் அப்படி.

கோட்டையில் ஒரு வழக்கம் இருந்தது. கணக்கன் பேர் எழுதுமுன், துபாஷி அந்தப் பிள்ளையிடம் கேட்பான்: போவதற்குச் சம்மதமா? இருசம்மாள் முன்னாடியே சொல்லிவைத்திருந்தாள், இன்னா கேட்டாலும் ஆமான்னு சொல்லு. குப்பம்மா "ஆமா" என்றாள். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

கோட்டைக்கு நடந்து போகும் வழியில் அவள் ஒன்று கேட்டிருந்தாள். அதை இருசம்மாள் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

நாலாம் நாள் கப்பல் போய்விட்டது. பதினோராம் நாள் சடையன் செத்துப்போனான். பானையில் அரிசி மிச்சம் இருந்தது. கோதண்டம் வந்தபோது, "கோட்ட ஆளுங்க பொண்ணத் தூக்கினு பூட்டாங்க" என்று சொன்னாள். அப்படித் தூக்கிக்கொண்டு போவதும் அந்த நாட்களில் நடக்காத காரியம் இல்லை, யாரும் சந்தேகப்படவில்லை. அவன் கோட்டை வாசலுக்கு ஓடினான். ஒரு பகல் முழுக்க நின்று கத்தினான். காவல்காரர்கள் துப்பாக்கிக் கட்டையால் அடித்ததில் வலது தோள் இறங்கிப்போய், சரியாகக் கூடவே இல்லை. அன்று முதல் அவன் வலை வீசும்போது கை பாதி உயரத்தில் நின்றுவிடும். மிச்சத்துக்கு உடம்பைத் திருகி வீசுவான். அந்தத் திருகலை இருசம்மாள் தினம் பார்த்தாள். அவள் சொன்ன ஒரு வாக்கியம் அவன் எலும்பில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது.

பஞ்சம் தெளிந்தபின் அவள் சாயப்பட்டறையில் வேலைக்குப் போனாள். கோட்டைக்காரர்களுக்குப் பூப்போட்ட துணி எழுதும் பட்டறை. எழுதுகிறவர்கள் காகிதத்தில் படத்தின் கோடு நெடுக ஊசியால் துளை போட்டுவைத்திருப்பார்கள். காகிதத்தைத் துணிமேல் விரித்து, கரித்தூள் கட்டிய சின்னப் பொட்டணத்தால் தட்டினால், துளை வழியே கரி இறங்கி, துணியில் புள்ளி புள்ளியாகப் பூ நிற்கும். அந்தப் பொட்டணம் கட்டித் தருவதும், எழுதி முடித்த துணியை ஏரியில் அலசுவதும் இருசம்மாளின் வேலை. நாலு வருஷம் செய்தாள். அங்கேதான் கத்தரீனா அவளைப் பார்த்தாள்.

கத்தரீனா கோட்டை வியாபாரி ஒருவனின் மனைவி. ஒல்லாந்துப் பெற்றோருக்கு அந்தக் கோட்டைக்குள்ளேயே பிறந்து, பழவேற்காட்டு ஆயாக்கள் இடுப்பில் வளர்ந்தவள். சொந்த மொழியைவிடக் குப்பத்துப் பேச்சு அவளுக்குச் சரளம். புருஷனோடு அவன் ஊருக்குப் போகிறாள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

"என் பொண்ணு போன ஊருக்கா போறீங்க, துரைசாணி?" என்று இருசம்மாள் கேட்டாள்.

கத்தரீனா குழந்தைக்குத் தொப்பி கட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "எல்லாக் கப்பலும் கடசில எங்க ஊருக்குத்தானே போவணும்" என்றாள்.

இருசம்மாள் நம்பினாள். அவள் மட்டும் இல்லை, கோதண்டமும் நம்பினான், குப்பமே நம்பியது. ஏரியின் ஒவ்வொரு மடுவுக்கும் பேர் தெரிந்தவர்கள். காற்று திரும்புவதை மூக்கில் அறிகிறவர்கள். ஆனால் கொடி கட்டிய பெரிய கப்பல்கள் எல்லாம் அவர்கள் கண்ணுக்கு ஒரே கோட்டில்தான் மறைந்தன. அந்தக் கோட்டுக்கு அப்பால் ஓர் ஊர்தான் இருந்தது. "போய் இட்டுக்கினு வா" என்றான் கோதண்டம். காய்ந்த இறால் ஒரு சின்னப் பொட்டலம் கட்டிக்கொடுத்தான். குப்பம்மா அதை வெறும் வாயில் மென்று தின்பாள்.

டெல்ஃப்ட்டில் கத்தரீனாவின் சமையலறை தரைக்குக் கீழே பாதி இறங்கியிருந்தது. ஜன்னல் வழியே போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். இருசம்மாள் முதல் மாதம் முழுக்க அந்தக் கால்களையே பார்த்தாள். கடைக்குப் போனால் முகங்களைப் பார்த்தாள். பாலங்களில் நின்று, கால்வாயில் துணி துவைக்கிற வேலைக்காரிகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் வெளுத்த முகங்கள்.

அடுப்புக்குப் பின்னாலிருந்த சுவரில் வரிசையாக வெள்ளை ஓடுகள் பதித்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் நீலத்தில் ஒரு சின்னப் படம். படகு, நாய், பம்பரம் விடும் பிள்ளை. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் நின்றாள். தலையில் மீன்கூடை, ஒரு கை இடுப்பில், இடது காலை மடித்து வலது கெண்டைக்காலில் ஊன்றி.

குப்பம்மா அப்படித்தான் நிற்பாள். நாரை, நாரை என்று அப்பன் கேலி செய்வான்.

அன்றைக்குச் சோறு அடிபிடித்துப்போயிற்று. கத்தரீனா கத்தியது அவள் காதில் விழவில்லை. பழவேற்காட்டுக் கரையில் உட்கார்ந்து படகுகளையும் பிள்ளைகளையும் காகிதத்தில் வரைகிற ஒரு கோட்டைக்காரனை அவள் பார்த்திருக்கிறாள். பார்க்காமல் யாராவது வரைய முடியுமா? குப்பம்மா இந்த ஊரில் இருக்கிறாள், யாரோ பார்த்திருக்கிறான். தலையில் தொப்பி இருந்தது. தொப்பி போட்டுவிட்டார்கள், குளிர் அல்லவா. முகம் கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லை. கண்ணுக்கு இரண்டு புள்ளி. மிச்சத்தை இருசம்மாள் நிரப்பிக்கொண்டாள். தினமும் காலையில் அந்த ஓட்டின் புகையை முந்தானையால் துடைத்தாள். இன்றைக்கு எங்கே வேலை, என்ன தின்றாய் என்று மெதுவாகக் கேட்டாள். இறால் பொட்டலத்தை அதற்கு நேர் கீழே மாடத்தில் வைத்தாள். உன்னை விற்றேன் என்பதை மட்டும் அந்த ஓட்டிடம்கூட அவளால் சொல்ல முடியவில்லை. நேரில் பார்த்துச் சொல்வேன் என்று தள்ளிப்போட்டாள்.

"யாரு வரைஞ்சது துரைசாணி இத?" என்று கேட்டால், "கடைல வாங்கினதுடி, எனக்கின்னா தெரியும்" என்பாள் கத்தரீனா.

இரண்டாவது பனிக்காலத்தில் அடுப்புச் சூட்டில் அந்த ஓடே விரிசல் விட்டது. கத்தரீனா அதைப் பெயர்த்துக் கையில் கொடுத்து, கால்வாய்க் கோடியில் இருக்கும் ஓட்டுப்பட்டறைக்குப் போய் இதேபோல ஒன்று வாங்கி வா என்று அனுப்பினாள். இருசம்மாள் ஓடினாள். பனிக்கட்டியில் இரண்டு இடத்தில் வழுக்கினாள். இதேபோல என்றால் என்ன அர்த்தம் என்று அவள் யோசிக்கவில்லை. வரைந்தவனைப் பார்க்கப் போகிறாள், அவனுக்குத் தெரியும்.

பட்டறையில் ஈரக் களிமண் வாசனை. சூளையின் அனல் முகத்தில் அடித்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் விரிசல் விட்ட ஓட்டை வாங்கிப் பார்த்து, தலையாட்டிவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு காகிதத்தை உருவினான். வெள்ளைப் பூச்சு பூசி இன்னும் சுடாத ஓடு ஒன்றின்மேல் அதை வைத்தான். பலகை மேலிருந்த ஒரு சின்னத் துணிப் பொட்டணத்தை எடுத்தான்.

பொட்டணத்தைக் கண்டதுமே அவள் கை விரல்கள் மடங்கின. அவளுக்குப் புரிவதற்கு முன்னே விரல்களுக்குப் புரிந்துவிட்டது. தட், தட், தட். காகிதத்தைத் தூக்கினான். புள்ளி புள்ளியாகக் கூடை, இடுப்பில் கை, மடித்த கால். தூரிகையை நீலத்தில் தோய்த்து நாலு இழுப்பில் இழுத்தான். குப்பம்மா நின்றாள்.

சுவரோரத் தட்டில் இன்னும் முப்பது நாற்பது குப்பம்மாக்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

தெரிந்த நாலு ஒல்லாந்துச் சொல்லைக் கூட்டி, "இந்தப் பெண் யார்? எங்கே?" என்று கேட்டாள். அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பில்லை. கையை முழங்கால் உயரத்தில் காட்டினான்: நான் இத்தனையூண்டு இருக்கையில் என் அப்பா துளை போட்டது. அப்புறம் ஜன்னல் வழியே கடல் இருக்கும் திக்கைக் காட்டினான். கடற்கரையிலிருந்து கூடை சுமந்து சந்தைக்கு வரும் அந்த ஊர் மீன்காரிகளில் யாரோ ஒருத்தி.

அவன் சொல்ல வேண்டியதே இல்லை. இருசம்மாள் காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஓரம் பழுப்பேறி, கரியில் ஊறி, துளைகள் தேய்ந்து பெருத்திருந்தன. ஒரு துளை அந்த அளவுக்குப் பெருக்க எத்தனை ஆயிரம் தட்டு வேண்டும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும். குப்பம்மா பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்னே போட்ட துளைகள்.

வீட்டுக்கு வந்து மாடத்திலிருந்து இறால் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பாலத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து முழுவதையும் தின்றாள். பசியே இல்லை.

மறுநாள் கத்தரீனாவிடம் கேட்டாள். "பழவேற்காட்டுலேர்ந்து ஜனங்கள ஏத்தினு போற கப்பலு இங்கயா வருது?"

கத்தரீனா நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நூல் நின்றது. "பத்தாவியாவுக்குப் போவும்."

"அது எங்க கீது?"

"வேற பக்கம். பழவேற்காட்டத் தாண்டி கெழக்கால."

"தெரிஞ்சேதான் இட்டாந்தீங்களா?"

"நான் இன்னாடி பண்ணுவேன்!" கத்தரீனாவின் குரல் உடைந்தது. "எனக்கு இந்த ஊரு தெரியாது. இவங்க பேசற பேச்சு எனக்கு ஒட்டல. குளுந்த தண்ணில எறக்கி வுட்ட மாதிரி கீது. என் பாஷைல பேச ஒரு ஆளு வேணும்னுதான்..." அவள் அழ ஆரம்பித்தாள். இருசம்மாளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட எழுந்து நிற்க ஓர் இடம் வேண்டும். அவளுக்கு அது இல்லை.

அடுத்த கப்பலில் கத்தரீனா அவளை அனுப்பிவைத்தாள். விரிசல் விட்ட ஓட்டைத் துணியில் சுற்றி, அவளே மூட்டையில் வைத்தாள்.

குடிசைக்கு வெளியே மணலில் கூடை இறக்கும் சத்தம் கேட்டது.

கோதண்டம் குனிந்து உள்ளே வந்தான். தாடி பாதி வெளுத்திருந்தது. உடனே ஒன்றும் கேட்கவில்லை. கையைத் துடைத்தான். "சாப்டியா?" என்றான். "கப்பல்ல சோறு ஒத்துக்கிச்சா?" என்றான். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "பாத்தியா?" என்றான்.

எதிலிருந்தாவது தொடங்க வேண்டுமே என்று இருசம்மாள் முறத்தைத் தூக்கி ஓட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். பட்டறையிலிருந்து தொடங்கலாம் என்று நினைத்தாள்.

அவன் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். கட்டைவிரலால் படத்தைத் தடவினான்.

"ஐயோ" என்றான். "அவதான்."

"இந்தாய்யா..."

"காலப் பாரு. நாரையாட்டமே! எவன் வரைஞ்சான் இத? தொப்பி மாட்டி வுட்டுட்டானுங்க." சிரித்தான். கண்ணிலிருந்து நீர் தாடிக்குள் ஓடியது. "கை சத போட்டுக்கீது பாரு. நல்லாத் தின்றா. எறா குடுத்தியா? இன்னா சொன்னா?"

அவள் சொல்ல வேண்டிய பொய்யை அவனே சொல்லிவிட்டான். அவள் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. பேசாமல் இருந்தால் போதும். அவன் சாகும்வரை அந்த ஓட்டைத் துடைத்துக்கொண்டிருப்பான். இன்றைக்கு என்ன தின்றாய் என்று அதனிடம் கேட்பான். அது எவ்வளவு சுகம் என்பது அவளுக்குத் தெரியும்.

சுவரில் கூரையை ஒட்டி ஒரு மூங்கில் ஆணி இருந்தது. ஓட்டை அங்கே சாத்திவைக்கக் கோதண்டம் கையைத் தூக்கினான். கை பாதி உயரத்தில் நின்றது. உடம்பைத் திருகினான்.

"அது அவ இல்ல" என்றாள் இருசம்மாள்.

"இன்னா?"

"அவ இல்ல. துள போட்ட காயிதம். சாயப்பட்டறைல பூ எறக்கற மாதிரி. இதே பொம்ம அங்க நூறு கீது. நம்மப் பொண்ணு பொறக்கறதுக்கு முன்னியே போட்டது. அந்தூரு மீன்காரி யாரோ."

"உனக்கின்னா தெரியும்? கால் மடக்கி..."

"நானும் ரெண்டு வருசம் அப்டித்தான் நெனச்சேன். அவ அந்த ஊருக்கே போவல. பத்தாவியான்னு வேற ஊரு. வரும்போது கப்பல் நம்ம ஊரத் தாண்டி மொதல்ல அங்கதான் போயி நின்னுது. ரெண்டு நாள் எறங்க வுட்டாங்க. அங்கயும் தெருவுல தண்ணி. கரைல துணி தொவைக்கற பொம்பளைங்க நம்மப் பேச்சு பேசறாங்க. பேர் சொல்லிக் கேட்டேன். பழைய பேரு இங்க ஒருத்தருக்கும் கெடையாது, வந்தன்னைக்கே மாத்திட்டாங்கன்னாங்க. பழவேற்காட்டுலேர்ந்து வந்தவங்க அல்லாருக்கும் புதுப் பேருக்குப் பின்னால நம்ம ஊர்ப் பேருதான் ஒட்டு. அத வச்சி யாரத் தேடுவே? கண்டுபுடிக்கல. எறாவ நாந்தான் தின்னேன்."

அவன் ஓட்டை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான். இத்தோடு நிறுத்தலாம். இதுவரை சொன்னது நிஜம்தான். இங்கே நின்றாலும் யாரும் பொய் என்று சொல்ல முடியாது.

"கோட்ட ஆளுங்க தூக்கினு போவல" என்றாள். "நான்தான் இட்டுனு போனேன். அரிசிக்கி. நீ கத்தினப்போ, அடிச்சப்போ, நான் இங்கதான் குந்திக்கினிருந்தேன். மிச்ச அரிசி அந்தப் பானைலதான் இருந்துச்சு. அதையும் தின்னேன்."

கோதண்டத்தின் இடது கை மெல்லப் போய் வலது தோளைப் பிடித்தது. அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலை என்று இருந்தது. அவன் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். ஓட்டை முறத்தின்மேல் வைத்தான், படம் மேலே தெரியும்படி. வெளியே கூடை மீனைக் காகம் கொத்தும் சத்தம் கேட்டது. அவன் விரட்டப் போகவில்லை.

"போறியான்னு புள்ளைய கேப்பானுங்களாமே. கேட்டானுங்களா?"

"கேட்டாங்க."

"இன்னா சொன்னா?"

"ஆமான்னா. நான் சொல்லச் சொன்னேன்."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

இருசம்மாள் முறத்தைப் பார்த்தாள். "போற வழில கேட்டா. இந்த வாட்டி எத்தினி மொறம் தவுடு குடுத்து நீ என்னிய வாங்குவேன்னு."

"நீ இன்னா சொன்னே?"

"ரெண்டுன்னேன். குதிச்சினே வந்தா."

வாசலில் நிழல் விழுந்தது. எல்லம்மா காகத்தை விரட்டிவிட்டு, "இன்னா கோதண்டம், வந்துட்டியா? மீனப் போட்டது போட்டபடி கீது" என்று குரல் கொடுத்தாள். "ஏ இருசி, எனக்கு மொதல்ல சொல்லணும்னேனே!"

இருசம்மாள் கோதண்டத்தைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. தோளைப் பிடித்த கையை எடுக்கவுமில்லை.

"அவள உள்ள கூப்டு" என்றான். "அவளும் கேக்கட்டும். மொதல்லேர்ந்து சொல்லு."